தட்டையடிப் படகு மாதிரி: முதல் படகை எப்படிச் செய்வது

பெரிய கப்பலில் தொடங்காதீர்கள். மாதிரிக் கப்பல் செய்யும் ஆசை வந்தவர்கள் முதலில் வாங்குவது மூன்று பாய்மரம், இரண்டு வரிசைப் பீரங்கி, எண்ணி மாளாத முடிச்சுகள் உள்ள ஒரு பெட்டியைத்தான். நானும் அப்படித்தான் வாங்கினேன். எட்டு மாதம் கழித்து அது பாதிப் பலகையோடு அலமாரி மேல் ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

நெதர்லாந்துக்கு வேலைக்கு வந்து ஆமர்ஸ்ஃபோர்ட்டில் குடியேறிய பிறகு, ஒரு சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு வடக்கே இருக்கும் ஸ்பாகன்பர்க் துறைமுகம் வரை போனேன். அங்கே பழுப்புப் பாயும், தூக்கிய மூக்கும், இரண்டு பக்கமும் யானைக்காது மாதிரி தொங்கும் பலகையுமாக வரிசையாகக் கட்டிக் கிடந்த மீன்பிடிப் படகுகளைப் பார்த்ததும்தான் இதைச் செய்ய முடியும் என்று தோன்றியது. அவற்றுக்குப் பெயர் பொட்டர். அடி தட்டை. மேசை மேல் வைத்தால் தானாக உட்காரும். புதிதாகச் செய்பவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது வேலையில் இறங்கிய பிறகுதான் தெரியும்.

ஏன் அடி தட்டை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் படகின் மற்ற எல்லா விசித்திரமும் அதிலிருந்துதான் வருகிறது. ஹாலந்துக்காரர்களின் கடல் ஆழமில்லாத கடல். நாட்டின் நடுவில் ஸைடர்ஸே என்ற உள்கடல் இருந்தது, பரப்பு பெரிது, ஆழமோ பல இடங்களில் சில மீட்டர்தான். வடக்கே வாடன் கடலில் வற்றம் வந்தால் தண்ணீர் போய் மணலும் சேறும் மட்டும் மிஞ்சும். அங்கே கூரான அடியுள்ள படகு தரை தட்டினால் சாய்ந்து விழும், தட்டையடிப் படகு அப்படியே உட்கார்ந்து அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்கும், ஆட்கள் இறங்கி நடந்தே வேலையைப் பார்க்கலாம். சரி, ஆனால் தட்டையான அடிக்குத் தண்ணீரில் பிடிமானம் கிடையாது, பக்கக் காற்று அடித்தால் எண்ணெய்ச் சட்டியில் தோசை வழுக்குவது போல் படகு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். அதைத் தடுக்கத்தான் அந்த யானைக்காதுகள். டச்சில் அதை ஸ்வார்ட் என்கிறார்கள், வாள் என்று பொருள். நானும் இனி வாள் என்றே எழுதுகிறேன். காற்று அடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க வாளைத் தண்ணீரில் இறக்குவார்கள், மற்றது மேலே தூக்கியபடி இருக்கும். ஆழம் குறைந்து வாள் தரையைத் தொட்டால் அது தானாக மேலே எழும்பும், படகோட்டிக்கு அதுவே எச்சரிக்கை.

இந்தியாவோடு இதற்குச் சம்பந்தம் உண்டா என்று கேட்டால், இரண்டு வழியில் உண்டு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் துணி ஏற்றிய டச்சுக் கம்பெனிக் கப்பல்கள் பாரத்தோடு ஆம்ஸ்டர்டாம் வரை போக முடியாது, வழியில் ஆழம் போதாது. டெக்சல் தீவருகே நங்கூரம் போட்டு, சரக்கைத் தட்டையடிப் படகுகளுக்கு மாற்றித்தான் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாவது வழி பாயின் நிறம், அதைப் பாய் தைக்கும் இடத்தில் சொல்கிறேன்.

எந்தப் படகு?

வகைகள் ஏராளம், தலை சுற்றும். சுருக்கமாகச் சொன்னால்: பொட்டர் ஸைடர்ஸேயின் மீன்பிடிப் படகு, நீளம் சுமார் 13 மீட்டர், முன்பக்கம் உயர்ந்து பருத்து, பின்பக்கம் தாழ்ந்து ஒடுங்கியிருக்கும். நடுவில் ஒரு மீன்தொட்டி, அந்த இடத்தில் படகின் பலகையிலேயே துளை போட்டிருப்பார்கள், கடல்நீர் உள்ளே வந்து போகும், பிடித்த மீன் உயிரோடு கரை சேரும். ஹோகார்ஸ் தெற்கே ஸேலாந்துக்காரர்களுடையது, முன்மரம், அதாவது மூக்கில் நிற்கும் மரம், நேராக நீண்டு சாய்ந்திருக்கும். ச்யால்க் சரக்குப் படகு, பானை போல முன்னும் பின்னும் உருண்டது. ஃப்ரீஸ்லாந்தில் அதன் சின்ன உறவு ஸ்கூட்ச்யே, இன்று கோடையில் ஊருக்கு ஊர் போட்டி போட்டு ஓட்டுகிறார்கள், நம் ஊர் வாகனப் போட்டி தோற்றுப்போகும் அளவுக்குச் சண்டையும் சூடும் அதில் இருக்கும். லெம்ஸ்டர்ஆக் உல்லாசப் படகாகப் புகழ்பெற்றது, இளவரசி பியாட்ரிக்ஸுக்கு 18 வயது ஆனதற்கு நாட்டு மக்கள் பரிசளித்து 1957-இல் தண்ணீரில் இறங்கிய 'டி க்ரூனே த்ராக்' அந்த வகைதான். வாள் தொங்குகிறது என்பதற்காக எல்லாமே முழுத் தட்டை என்று எண்ண வேண்டாம், லெம்ஸ்டர்ஆக்கின் அடி உருண்டையாகத்தான் வரும். ஸ்டாவரன் ஊரின் யோல் என்ற படகுக்கு வாளே கிடையாது, அடியில் ஏராவோடு இருக்கும், ஏரா என்பது அடியின் நடுவில் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பு மரம்.

இவற்றில் எல்லாரும் ஆசைப்படுவது பொட்டருக்கு. என் பரிந்துரை: இரண்டாவது படகாக அதை வைத்துக்கொள்ளுங்கள். அதன் முன்பக்கத்தில் ஒவ்வொரு பலகையும் ஒரே நேரத்தில் வளைந்தும் முறுகியும் போக வேண்டும், அனுபவம் இல்லாமல் அதில் கைவைத்தால் பத்துப் பலகை உடைந்த பிறகு படகின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். முதல் படகுக்கு ஸ்கௌ எடுங்கள். முன்மரமே கிடையாது, முன்னும் பின்னும் ஒரு தட்டைப் பலகை, அடி தட்டை, பக்கம் கிட்டத்தட்ட தட்டை. பெட்டிக்குப் படகு வேஷம் போட்ட மாதிரி தோன்றும், ஆனால் வாள், சுக்கான், பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் வளைந்த சட்டம், கீழே சாய்க்கக்கூடிய பாய்மரம் என்று டச்சுப் படகின் எல்லாப் பாடமும் அதில் இருக்கிறது.

வரைபடமும் அளவும்

ஒரு நல்ல வரைபடம் இல்லாமல் தொடங்க வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் மங்கலான படத்தைப் பெரிதாக்கிச் செய்த படகு, படத்தைப் போலவே மங்கலாக வரும். நெதர்லாந்தின் மாதிரி செய்வோர் சங்கம் வரைபடப் பட்டியல் வைத்திருக்கிறது. எங்க்ஹைசனில் ஸைடர்ஸே அருங்காட்சியகம், ஸ்னேக்கில் ஃப்ரீஸ்லாந்துக் கப்பல் அருங்காட்சியகம், ஆம்ஸ்டர்டாமில் தேசியக் கப்பல் அருங்காட்சியகம் ஆகிய மூன்றிலும் அசலையோ பழைய மாதிரிகளையோ பக்கத்தில் நின்று பார்க்கலாம். போனால் முழுப் படகையும் அழகாகப் படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள், அது யாரிடமும் கிடைக்கும். சுக்கான் எப்படித் தொங்குகிறது, வாளின் ஆணி எங்கே, கயிறு எதில் சுற்றியிருக்கிறது, பாய்மரத்தின் அடி எப்படி நிற்கிறது, இவற்றைக் கிட்டத்தில் எடுங்கள்.

அளவு எளிய கணக்குதான். 13 மீட்டர் பொட்டர் 1:50-இல் 26 சென்டிமீட்டர், 1:25-இல் 52, 1:20-இல் 65. சின்னதாகச் செய்தால் எளிது என்று தோன்றும், அது தவறு. 1:50-இல் ஒரு கப்பி அரிசி மணியை விடச் சின்னதாகிவிடும். 6 மீட்டர் நீள ஸ்கௌவை 1:20-இல் செய்தால் 30 சென்டிமீட்டர் வரும், கைக்கும் கண்ணுக்கும் அதுதான் சரியான அளவு, அலமாரித் தட்டிலும் அடங்கும். கீழே சொல்லும் கணக்கெல்லாம் அந்த அளவுக்கு.

மரமும் கருவியும்

அசல் படகுகள் ஓக் மரத்தில் செய்தவை. அதற்காக மாதிரிக்கும் ஓக் வாங்கினால் ஏமாறுவீர்கள், ஓக்கின் துளையும் ரேகையும் சின்னதாவதில்லை, 30 சென்டிமீட்டர் படகில் அது விரிசல் விட்ட சுவர் மாதிரித் தெரியும். இங்கே பேரி மரமும் செர்ரியும் பயன்படுத்துகிறோம், இரண்டும் நெருக்கமான ரேகை உள்ளவை. ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு: தேக்கு இந்த வேலைக்குக் கொஞ்சம் முரடு, பொம்மை கடையும் வெட்பாலை மரம் கிடைத்தால் விடாதீர்கள், வெள்ளையாக மென்மையாக இருக்கும், நிறம் ஏற்றிக்கொள்ளலாம்.

கருவிக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். கூரான கத்தி ஒன்று, மெல்லிய பல் உள்ள கைரம்பம், சின்ன இழைப்புளி, ஓர் இரும்பு ஸ்கேல், தட்டையரமும் உருட்டரமும், 120-இலிருந்து 400 வரை உப்புத்தாள், 0.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை துளை போடும் கைத்துரப்பணம், வெள்ளைப் பசை. அப்புறம் துணி காயப்போடும் கிளிப் முப்பது, நாற்பது, இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். சூப்பர் பசை அவசரத்துக்கு நல்லது, ஆனால் மரத்தில் வழிந்தால் அந்த இடம் எண்ணெயையும் நிறத்தையும் குடிக்காது, கடைசியில் வெள்ளைத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும்.

முதலில் அட்டையில்

மரத்தைத் தொடுவதற்கு முன் காலண்டர் அட்டையில் முழுப் படகையும் ஒரு முறை செய்துவிடுங்கள். இரண்டு மணி நேர வேலை. இதைத் தாண்டிக் குதிப்பவர்கள் எல்லாரும் பிறகு திரும்பி வருகிறார்கள், நல்ல மரம் நாலு வீணான பிறகு. அட்டைப் படகில் எது சரியாகப் பொருந்துகிறதோ அதைப் பிரித்து எடுத்தால் அதுவே மரத்துக்கு அச்சு.

அடிப்பலகை

பழைய டச்சுக் கட்டுமானத்தின் அழகு இங்கேதான். பெரும்பாலான இடங்களில் கப்பல் கட்டுவது என்றால் முதலில் ஏராவும் வங்குகளும் (விலா எலும்பு மாதிரிக் குறுக்கே நிற்கும் சட்டங்கள்) நிறுத்தி எலும்புக்கூடு செய்து, பிறகு மேலே பலகை அடிப்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் வட ஹாலந்துத் தளங்களில் தலைகீழ்: முதலில் அடிப்பலகைகளைப் பக்கத்தில் பக்கமாகப் பரப்பி, தற்காலிகமாகக் குறுக்கே சின்னக் கட்டைகளை ஆணியடித்துப் பிடித்து, கண்ணளவிலேயே உருவத்தைக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம்தான் வங்குகளை உள்ளே பொருத்தினார்கள். கட்டையைக் கழற்றிய பிறகு ஆணித் துளைகளைச் சின்ன மரமுளை அடித்து மூடினார்கள். ஸைடர்ஸேயின் ஒரு பகுதியை வற்றவைத்து நிலமாக்கியபோது வயல்களுக்கு அடியில் நானூறுக்கும் மேற்பட்ட மூழ்கிய படகுகள் கிடைத்தன, அந்த மாதிரிப் பழைய பலகைகளில் இந்த முளைகளைப் பார்த்துத்தான் எந்த முறையில் கட்டினார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். புதிதாகச் செய்பவருக்கும் இதே வரிசைதான் வசதி.

3 மில்லிமீட்டர் பலகை மூன்றை நீளவாட்டில் ஒட்டி, அதிலிருந்து அடியை வெட்டுங்கள். நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் அதிக அகலம், இரண்டு முனைக்கும் ஒடுங்கிப் போக வேண்டும். தட்டையடி என்றாலும் நீளவாட்டில் அது முழுத் தட்டை இல்லை, முன்னும் பின்னும் மெல்ல மேலே எழும்பும். என் ஸ்கௌவில் முன்முனை 12 மில்லிமீட்டர், பின்முனை 6 மில்லிமீட்டர் எழும்பியது. வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, முனைகளுக்கு அடியில் அந்த உயரத்துக்குக் கட்டை வைத்து, நடுவில் பாரம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். நான் வைத்தது இஸ்திரிப்பெட்டியும் அரிசி மூட்டையும். ஒட்டிய பலகையை ஊறவைப்பதால் தண்ணீர் தாங்கும் பசையாக இருக்கட்டும், நான் முதல் தடவை சாதாரணப் பசை போட்டு, காலையில் எழுந்து பார்த்தபோது மூன்று பலகையும் மூன்று திசையில் கிடந்தன.

காய்ந்ததும் அந்த அடியை ஒரு கனமான நேர்ப்பலகை மேல் திருகி நிறுத்துங்கள், கட்டி முடிக்கும் வரை கழற்றக் கூடாது. நடுக்கோட்டைப் பென்சிலால் அழுத்தமாகப் போடுங்கள், இனி எல்லா அளவும் அதிலிருந்துதான்.

முன்பலகை, பின்பலகை, வங்கு

முன்பலகை நன்றாக முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், பின்பலகை அவ்வளவு சாயாது. சாய்வை வரைபடத்திலிருந்து அட்டையில் முக்கோணமாக வெட்டி வைத்துக்கொண்டு, அதில் சாய்த்து ஒட்டுங்கள். இடையில் நாலைந்து இடத்தில் தற்காலிகக் குறுக்குச் சட்டங்கள், இவற்றை அடியில் ஒட்ட வேண்டாம், சின்ன ஆணியால் நிறுத்தினால் போதும், பிறகு எடுத்துவிட்டு உண்மையான வங்குகளை வைப்போம்.

இப்போது ஒரு சோதனை. முன்பலகை மேல் ஒரு நேர்க்குச்சி, பின்பலகை மேல் ஒரு நேர்க்குச்சி வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முன்னாலிருந்து பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தால் படகு முறுகிவிட்டது என்று அர்த்தம், இப்போது சரிசெய்ய ஐந்து நிமிடம், பலகை அடித்த பிறகு என்றால் முடியவே முடியாது.

பக்கப் பலகை

டச்சுப் படகின் குறுக்குவெட்டைப் பார்த்தால் மூன்று பகுதி தெரியும். தட்டையான அடி. அங்கிருந்து வெளிப்பக்கம் விரிந்து மேலேறும் பக்கம். அதற்கு மேல் ஒரு தடித்த சட்டம், அதைத் தாண்டியதும் உள்பக்கம் சாயும் மேல்பலகை. இந்த உள்சாய்வுதான் டச்சுப் படகுக்கு டச்சு முகத்தைக் கொடுப்பது. அதை நேராக நிறுத்திவிட்டால் சாதாரண ஓடமாகிவிடும்.

பக்கப் பலகைக்கு அட்டையைப் படகின் மேல் வைத்து விளிம்பை வரைந்து வெட்டுங்கள். விரித்துப் பார்த்தால் அது வாழைப்பழம் போல வளைந்து கிடக்கும், பயப்பட வேண்டாம், அதுதான் சரி. நேரான பட்டையை வைத்து இழுத்து ஒட்டப் பார்த்தால் முனை கிளம்பிக்கொண்டே இருக்கும். 2 மில்லிமீட்டர் மரம் போதும். முன்னால் வளைவு அதிகமான இடத்தை வெந்நீரில் ஊறவைத்து, சூடான சால்டரிங் இரும்பின் தண்டில் மெல்லத் தேய்த்து வளையுங்கள். அசல் தளங்களில் பலகைக்கு அடியில் தீ மூட்டி, தண்ணீர் தெளித்துக்கொண்டே, பாரம் தொங்கவிட்டு வளைத்தார்கள், நீங்கள் செய்வது அதன் சின்ன வடிவம். வலமும் இடமும் மாற்றி மாற்றி ஒட்டுங்கள், ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்ததற்கு வந்தால் முதல் பக்கம் படகையே தன் பக்கம் இழுத்துவிடும்.

பசை காய்ந்த பின் தற்காலிகச் சட்டங்களை எடுத்துவிட்டு வங்குகளை ஒட்டுங்கள். இடைவெளி சீராக இருக்க வேண்டும், உள்ளே திறந்த படகு என்பதால் எல்லாம் வெளியே தெரியும்.

அந்தத் தடித்த சட்டம் முழு நீளத்துக்கும் ஒரே தடிமன் இல்லை. நடுவில் பருத்து முனைகளில் மெலியும். இதைக் கவனிக்காமல் ஒரே அளவுக் குச்சியை ஒட்டியிருப்பதை வைத்தே ஒரு மாதிரியைச் செய்தவர் அசலைப் பார்த்தாரா இல்லையா என்று சொல்லிவிடலாம். அந்தச் சட்டத்தின் கோடு முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே மூச்சில் இறங்கி ஏற வேண்டும். ஸ்கேல் வைத்து அளப்பதை விட, படகைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், எங்கே தடுமாறுகிறது என்று கண் சொல்லிவிடும்.

வாள்

நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். உள்நாட்டு ஏரியில் ஓடும் படகுக்கு வாள் விசிறி போல அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும், ஆழம் குறைவு என்பதால். கடலுக்குப் போகும் படகுக்கு ஒடுங்கி நீண்டிருக்கும். ஸ்கௌவில் கடல் ஸ்கௌவும் உண்டு, ஏரி ஸ்கௌவும் உண்டு, எதைச் செய்கிறீர்களோ அதற்குரியதை வெட்டுங்கள்.

வாளின் இரண்டு முகமும் ஒன்றல்ல. படகைப் பார்த்த உள்முகம் மெல்லப் புடைத்திருக்கும், வெளிமுகம் தட்டை. விமான இறக்கையின் கதைதான் இது, தண்ணீர் ஓடும்போது புடைத்த பக்கம் இழுப்பு உண்டாகி, படகைக் காற்றுக்கு எதிராகப் பிடித்துவைக்கும். புதியவர்கள் இரண்டு முகத்தையும் ஒரே மாதிரி இழைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர், அதாவது நான், புடைத்த முகத்தை வெளியே வைத்து ஒட்டி, துறைமுகத்தில் ஒரு வயதான படகோட்டியிடம் பெருமையாகப் படத்தைக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இது பின்னோக்கி நன்றாக ஓடும்" என்றார்.

3 மில்லிமீட்டர் மரத்தில் வெட்டி, மேல்முனையில் ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள், அந்த ஆணியில் அது சுழல வேண்டும். கீழ்முனைக்குப் பக்கத்திலிருந்து ஒரு கயிறு பின்னோக்கிப் போய் உள்ளே ஒரு கட்டையில் சுற்றும், தூக்குவதும் இறக்குவதும் அதனால்தான். வாளுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை இருக்கும், கறுப்புக் காகிதத்தை மெல்லிதாக வெட்டி ஒட்டினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

சுக்கானும் பெரிது. ஆழத்தில் போக முடியாததால் அகலத்தில் ஈடுகட்டியிருக்கிறார்கள். பின்பலகைக்கு வெளியே கீலில் தொங்கும், கீலுக்குப் பித்தளைத் தகடு 0.3 மில்லிமீட்டரில் போதும்.

பாய்மரம், பாய், கயிறு

பாய்மரம் கீழே சாய்க்கக்கூடியது, கால்வாய்ப் பாலங்களுக்கு அடியில் போக வேண்டுமே. அடியில் ஒரு மரக்கூடு இருக்கும், அதில் ஒரு குறுக்காணியில் பாய்மரம் நிற்கும், முன்கயிற்றைத் தளர்த்தினால் பின்னோக்கிச் சாயும். மாதிரியிலும் இதை நிஜமாகவே வேலை செய்யும்படி வையுங்கள், வீட்டுக்கு வருகிற குழந்தைகள் முதலில் தொடுவது இதைத்தான். பாய்மரத்தைச் சதுரக் குச்சியிலிருந்து செய்யுங்கள்: முதலில் எட்டுமுகம், பிறகு பதினாறு, பிறகு உப்புத்தாளை உள்ளங்கையில் வைத்து உருட்டினால் வட்டம். உச்சிக்குப் போகப் போக மெலிய வேண்டும்.

பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் சின்னச் சட்டம் வில் போல வளைந்தது. இதுவும் டச்சு அடையாளம். மூங்கில் சிம்பைச் சூட்டில் வளைத்தால் அழகாக வரும்.

பாய்த் துணிக்குக் கடையில் விற்கும் மாதிரிப்பாய்த் துணியை விடப் பழைய மல்வேட்டி மேல், பலமுறை துவைத்து இழை தளர்ந்தது. வெட்டிய ஓரத்தை மடித்து மெல்லப் பசை தடவித் தேய்த்துவிடுங்கள், 1:20-இல் தையல் போட்டால் அது கயிறு மாதிரித் தெரியும். துணிப்பட்டைகளின் இணைப்புக் கோட்டைக் கூரான பென்சிலால் போட்டால் போதும்.

இப்போது நிறம். மீனவர் படகுகளின் பாய் பழுப்பாக இருப்பது அழகுக்காக இல்லை, பருத்திப் பாய் உப்புத்தண்ணீரில் மக்காமல் இருக்க. முன்பெல்லாம் ஓக் பட்டையைக் காய்ச்சி அதில் பாயையும் வலையையும் முக்கினார்கள். பிறகு கிழக்கிலிருந்து கப்பலில் வந்த காசுக்கட்டியைப் பயன்படுத்தினார்கள். ஆமாம், வெற்றிலையோடு போட்டு நம் பாட்டிமார் வாயைச் சிவக்கவைத்த அதே காசுக்கட்டி! ஸைடர்ஸேயின் மீனவக் கிராமங்களில் அதைக் காய்ச்சுவதற்கென்றே பெரிய கொப்பரைகள் இருந்தன. நாட்டுமருந்துக் கடையில் ஐம்பது கிராம் வாங்கி, ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து வடிகட்டி, துணியை ஒரு மணி நேரம் ஊறவைத்து நிழலில் காயப்போடுங்கள், காற்றுப் பட்டுக் கொஞ்சம் கறுக்கும். மூன்று முறை செய்தால் ஸ்பாகன்பர்க் பழுப்பு வந்துவிடும். உல்லாசப் படகு செய்தால் இந்த வேலை வேண்டாம், அவற்றில் வெள்ளை அல்லது சந்தன நிறப் பாயும் உண்டு.

மீன்பிடிப் படகு என்றால் பாயில் ஊரெழுத்தும் எண்ணும் வரும்: ஃபோலன்டம் ஊருக்கு விடி, உர்க் ஊருக்கு யூகே, ஸ்பாகன்பர்க் படகுகளுக்கு பியூ, மார்க்கனுக்கு எம்கே. எழுத்தும் எண்ணும் ஓர் உண்மையான படகுடையதாக இருந்தால் படகின் மற்ற விவரமும் அந்தப் படகோடு ஒத்துப்போக வேண்டும், பார்ப்பவர்களில் ஒருவராவது அந்தக் குடும்பத்துக்காரராக இருப்பார்.

கயிற்றுக் கணக்கும் அதே வகுத்தல்தான், 16 மில்லிமீட்டர் கயிறு 1:20-இல் 0.8 மில்லிமீட்டர் நூல். நூலைத் தேன்மெழுகில் இழுத்துவிட்டால் சிலுப்பிக்கொண்டு நிற்காது. பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் நிற்கும் கயிறு கறுப்பாகவும், பாயை ஏற்றி இறக்கும் ஓடும் கயிறு வெளிர் பழுப்பாகவும் இருக்கட்டும். கப்பியைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், முதல் படகிலேயே அதையும் செதுக்க உட்கார்ந்தால் என் அலமாரிக் கப்பலுக்குத் துணை கிடைத்துவிடும்.

மெருகு

பளபள வார்னிஷ் வேண்டாம், கடைப்பொம்மை ஆகிவிடும். அசலில் பிசினும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய ஒரு கலவையைப் பூசுவார்கள், தேன் நிறத்தில் இருக்கும். அடிப்பகுதிக்குத் தார். மாதிரிக்கு ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் தேய்த்து, இரண்டு நாள் இடைவெளி விட்டு மூன்று கைகள் போதும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போட்டுப் பிறகு எறியுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே மங்கலான கறுப்பு நிறம், அந்தக் கோட்டை மட்டும் டேப் ஒட்டிப் பொறுமையாகப் போடுங்கள்.

தண்ணீரில் விடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். விடலாம், ஆனால் இதே உருவத்தில் விட்டால் முதல் காற்றிலேயே கவிழும். படகைச் சின்னதாக்கும்போது அதன் நிமிரும் பலம் நீளத்தின் நாலாம் அடுக்கு விகிதத்தில் குறைகிறது, பாயின் சாய்க்கும் பலமோ மூன்றாம் அடுக்கில்தான், காற்று சின்னதாவதும் இல்லை. அதனால் ஓட்டுகிறவர்கள் பெரிதாகச் செய்து, அடியில் கழற்றி மாட்டும் ஈயக்கட்டை ஒன்றைத் தொங்கவிடுகிறார்கள். 30 சென்டிமீட்டர் ஸ்கௌ அலமாரியிலேயே இருக்கட்டும்.

1932-இல் அஃப்ஸ்லைட்டைக் அணை ஸைடர்ஸேயின் வாயை மூடியதும் உப்புக்கடல் நன்னீர் ஏரியானது, நெத்திலியும் ஹெர்ரிங்கும் போயின, பொட்டர்கள் நூற்றுக்கணக்கில் வேலையிழந்தன. சிலவற்றை உல்லாசப் படகாக்கினார்கள், பலவற்றை அழுகவிட்டார்கள். மிஞ்சியதைப் பழுதுபார்க்கும் தளம் ஸ்பாகன்பர்க் துறைமுகத்தில் இன்றும் நடக்கிறது, வேலை நேரத்தில் போனால் பலகை வளைப்பதை நேரில் பார்க்கலாம். இரண்டாவது படகுக்குப் போகுமுன் ஒரு முறை அங்கே அரைநாள் நின்றுவிட்டு வாருங்கள், பொட்டரின் முன்பக்கம் ஏன் அப்படி முறுகுகிறது என்பது எந்த வரைபடத்தையும் விட அங்கே சீக்கிரம் புரியும்.

கடைசியாக, வைக்கும் விதம். தாங்கி செய்ய வேண்டியதில்லை, தட்டையடிதானே. ஒரு மரத்தட்டில் சலித்த மணலைப் பசையில் குழைத்து மெல்லப் பரப்பி, வற்றத்தில் தரை தட்டியது போல் படகை அதன் மேல் உட்காரவைத்துவிடுங்கள். அப்படி வைத்தால் இரண்டு வாளும் மேலே தூக்கியிருக்க வேண்டும், பாய் சுருட்டியிருக்க வேண்டும். பாய் விரித்த நிலையில் வைக்க ஆசையென்றால் பாய் எந்தப் பக்கம் புடைத்திருக்கிறதோ அந்தப் பக்க வாளை மட்டும் இறக்குங்கள், அதற்கு மட்டும் ஒரு சின்ன உயர்த்தி தேவைப்படும், ஏனென்றால் இறங்கிய வாள் படகின் அடியையும் தாண்டிக் கீழே நிற்கும்.